உடலின் பொறையுடைமை

கையில் ஏற்படும் சிறு கீறலின் வழியே உள்ளே நுழையும் கிருமியை உடல் இனங்கண்டு அழிக்கிறது. தன்னுடையது எது, அயலது எது எனப் பிரித்தறியும் ஆற்றலே அதற்குக் காரணம். உயிரைக் காக்கும் அதே ஆற்றல், தீக்காயமுற்ற ஒருவருக்கு உடன்பிறந்தவர் மனமுவந்து அளிக்கும் தோலையும் அயலது என்று ஒதுக்கிவிடுகிறது. பகையை எதிர்க்கத் தெரிந்த உடலுக்கு, உதவியாக வரும் அயலதைப் பொறுத்துக்கொள்ளக் கற்பிக்க இயலுமா? இயலும் என்று சுண்டெலிகளைக் கொண்டு மெய்ப்பித்தவர் பீட்டர் மெடவார். உறுப்புமாற்று மருத்துவத்திற்கு அறிவியல் அடித்தளம் அமைத்தவர்களுள் ஒருவராக உலகம் அவரைப் போற்றுகிறது. தம் கணிப்பு பொய்த்த இடத்திலேதான் அவர் தம் மிகப்பெரிய உண்மையைக் கண்டார். அவ்வரலாறு அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, உண்மையை நாடும் எவர்க்கும் பயன்தருவதாகும்.

இளமையும் கல்வியும்

பீட்டர் பிரையன் மெடவார் 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் பிரேசில் நாட்டின் பெட்ரோப்போலிஸ் நகரில் பிறந்தார். தந்தை லெபனான் நாட்டைச் சேர்ந்த வணிகர், தாய் ஆங்கிலேயர். இளமையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட மெடவார், மார்ல்பரோ பள்ளியில் பயின்றபின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாக்டலன் கல்லூரியில் சேர்ந்தார். 1935இல் விலங்கியலில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் பெனிசிலின் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஹோவர்டு ஃபுளோரியின் நோயியல் ஆய்வகத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். உடன் பயின்ற ஜீன் டெய்லரை 1937இல் மணந்தார். நெடிய உருவமும், எவருடனும் கலகலப்பாக உரையாடும் இயல்பும், இசையிலும் கிரிக்கெட்டிலும் தணியாத ஈடுபாடும் கொண்டிருந்த அவரை, ஆய்வகத்திலேயே அடைந்துகிடக்கும் அறிஞராக எவரும் கண்டதில்லை.

போர் தந்த வினா

1940ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் இங்கிலாந்தின் வானை எட்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் மெடவாரின் இல்லத்திற்கு அருகே குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. அதிலிருந்த இளம் வீரர் கடுந்தீக்காயங்களுடன் மீட்கப்பட்டார். குருதி செலுத்துதல், புதிய மருந்துகள் ஆகியவற்றின் துணையால் அத்தகையோரின் உயிரைப் பிடித்துவைக்க மருத்துவர்களால் முடிந்தது. ஆனால், வெந்துபோன தோலுக்கு ஈடாக எதனைப் போர்த்துவது? காயமுற்றவரின் உடலில் எஞ்சிய நல்ல தோல் போதவில்லை. பிறருடைய தோலை எடுத்து ஒட்டினால் அது சில நாள் பொருந்தியிருப்பதுபோல் தோன்றிப் பின்னர் அழிந்து உதிர்ந்தது.

அதுவரை ஏட்டறிவு சார்ந்த வினாக்களில் ஈடுபட்டிருந்த மெடவாரிடம் மருத்துவர்கள் இச்சிக்கலைக் கொண்டுவந்தனர். கண்ணெதிரே துன்புறும் ஒருவருக்கு உதவாத அறிவு எதற்கு என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. எஞ்சிய தோலைக் கொண்டே பெரும்பரப்பை மூடும் வழிகளை முதலில் முயன்றார், அவை கைகூடவில்லை. பிறர் தோல் ஏன் நிலைப்பதில்லை என்னும் அடிப்படை வினாவுக்கு விடை காணாமல் மேலே செல்ல முடியாது என்பதை உணர்ந்தார்.

இரண்டாம் ஒட்டு சொன்ன செய்தி

மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் மெடவார் கிளாஸ்கோ நகரின் அரச மருத்துவமனைக்குச் சென்றார். அங்குத் தீக்காயப் பிரிவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் இணைந்தார். தீக்காயமுற்ற பெண் ஒருவருக்கு அவருடைய தோலின் சிறு துண்டுகளையும், அவர் உடன்பிறந்தவரின் தோல் துண்டுகளையும் தனித்தனியே ஒட்டினர். தம்முடைய தோல் ஊன்றி வளர்ந்தது. உடன்பிறந்தவரின் தோல் தொடக்கத்தில் பிடித்துப் பின் அழிந்தது. இதுவரை புதுமை இல்லை. சில நாள் கழித்து அதே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோதுதான் புதுமை வெளிப்பட்டது. இம்முறை அது முன்னினும் விரைவாக அழிந்தது.

ஒருமுறை அம்மை கண்டவரின் உடல் அந்நோயை மறப்பதில்லை. மீண்டும் அக்கிருமி வந்தால் முன்னினும் விரைந்து எதிர்க்கும். தோலை ஒதுக்கிய உடலும் அதே வகையில் நினைவாற்றலைக் காட்டியது. ஆகவே, பிறர் தோல் அழிவது ஒட்டும் முறையின் குறைபாட்டால் அன்று. நோய்த்தடைகாப்பு மண்டலத்தின் செயலால் என்பது தெளிவாயிற்று. 1943இல் கிப்சனும் மெடவாரும் இதனை வெளியிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிய மெடவார், முயல்களில் நூற்றுக்கணக்கான தோல் ஒட்டுகளைச் செய்து இம்முடிவை உறுதிப்படுத்தினார்.

காரணம் தெரிந்தது. ஆனால், அது ஊக்கமளிக்கும் காரணமாக இல்லை. தடைகாப்பு மண்டலம் உயிரினத்தின் இயல்பு. அதனை எதிர்த்து எவரால் வெல்ல முடியும்? ஒருவர் உடலுக்கும் மற்றவர் உடலுக்கும் இடையே இயற்கை எழுப்பிய சுவரை உடைக்கவே முடியாது என்று அறிஞர் பலர் கருதினர்.

பொய்த்த கணிப்பு

1947இல் மெடவார் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். ரூபர்ட் பில்லிங்காம் என்னும் இளைஞர் அவருடன் இணைந்தார். 1948இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற மரபியல் மாநாட்டில், கால்நடை ஆய்வாளரான ஹியூ டொனால்டு மெடவாரிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். பசுவுக்குப் பிறக்கும் இரட்டைக் கன்றுகளுள், ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றியவை எவை, இரு கருமுட்டைகளிலிருந்து தோன்றியவை எவை என்று எவ்வாறு அறிவது?

அது மிக எளிது என்றே மெடவார் எண்ணினார். ஒன்றன் தோலை மற்றொன்றில் ஒட்டிப் பார்த்தால் போதும். ஒரு கருமுட்டை இரட்டையர் ஏற்பர், இரு கருமுட்டை இரட்டையர் ஒதுக்குவர் என்று கணித்தார். மெடவாரும் பில்லிங்காமும் பண்ணைக்குச் சென்று சோதனையைத் தொடங்கினர். முடிவு கணிப்பைத் தலைகீழாக்கியது. ஏறத்தாழ எல்லா இரட்டைக் கன்றுகளும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. ஒன்று காளை, மற்றொன்று கிடாரி என ஒரே கருமுட்டையிலிருந்து வந்திருக்கவே முடியாத இரட்டையரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால், வெவ்வேறு ஈற்றில் பிறந்த கன்றுகளிடையே ஒட்டிய தோல் வழக்கம்போல் அழிந்தது.

சோதனையில் பிழை நேர்ந்தது என்று ஒதுக்கிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். மெடவார் அவ்வாறு செய்யவில்லை. கணிப்பு பிழையானால், இயற்கை வேறு ஏதோ ஒன்றைக் கூறுகிறது என்று பொருள் கொண்டார். அதன் விளக்கம் ஆஸ்திரேலிய அறிஞர்களான மெக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர் ஆகியோர் 1949இல் வெளியிட்ட நூலில் கிடைத்தது. இரட்டைக் கன்றுகளின் நச்சுக்கொடிகள் கருப்பையில் இணைந்திருப்பதால், ஒன்றன் குருதி செல்கள் மற்றொன்றினுள் சென்று வாழ்நாள் முழுவதும் தங்குகின்றன என்று அமெரிக்க அறிஞர் ரே ஓவன் 1945இல் கண்டறிந்திருந்தார். கருநிலையில் சந்தித்த அயற்பொருளை உடல் தன்னுடையதாகவே கருதிவிடும் என்று பர்னெட் அதிலிருந்து ஊகித்தார். ஆனால், அவர் கோழிக்கருக்களில் செய்த சோதனை அவ்வூகத்தை மெய்ப்பிக்கவில்லை.

ஐந்து சுண்டெலிகள்

1951இல் மெடவார் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறினார். பில்லிங்காமும் ஆய்வு மாணவர் லெஸ்லி பிரெண்டும் அவருடன் இருந்தனர். பிரெண்ட், ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1938இல் பெற்றோரைப் பிரிந்து குழந்தைகளுக்கான மீட்புப் பயணத்தில் இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய பெற்றோர் உயிர்தப்பவில்லை.

இரட்டைக் கன்றுகளில் இயற்கை தற்செயலாகச் செய்ததைச் சுண்டெலிகளில் திட்டமிட்டுச் செய்து பார்க்க மூவரும் முனைந்தனர். நெருங்கிய உறவுக்குள் பல தலைமுறை இனக்கலப்பு செய்யப்பட்ட தூயகால்வழி எலிகளை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு கால்வழியைச் சேர்ந்த எலிகள் அனைத்தும் ஒரு கருமுட்டை இரட்டையரைப் போன்றவை. தமக்குள் தோலை ஏற்கும். வேறு கால்வழியின் தோலையோ 11 நாள் அளவில் அழித்துவிடும். பழுப்புநிற எலிகளைக் கொண்ட ஒரு கால்வழியும், வெள்ளெலிகளைக் கொண்ட மற்றொரு கால்வழியும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

சினையுற்று 15 அல்லது 16 நாளான பழுப்புத் தாயெலியின் வயிற்றுத் தோலைக் கீறி விலக்கி, உள்ளிருக்கும் கருக்களில் மிக நுண்ணிய ஊசியால் வெள்ளெலியின் செல்களைச் செலுத்தினர். ஒவ்வொரு கருவுக்கும் செலுத்தப்பட்ட நீர்மம் ஒரு மில்லிலிட்டரின் நூறில் ஒரு பங்கே. அவ்வாறு செய்யப்பட்ட ஒரு சோதனையில் ஐந்து குட்டிகள் நலமாகப் பிறந்தன. அவை எட்டு வாரம் வளர்ந்தபின், ஒவ்வொன்றின்மீதும் வெள்ளெலியின் தோல் ஒட்டப்பட்டது. 11 நாள் கடந்தது. இரண்டு எலிகளில் ஒட்டு அழிந்தது. மூன்று எலிகளில் அது தன் தோலைப் போலவே ஊன்றி நின்றது. பழுப்பு எலியின் உடலில் வெண்மயிர் தழைத்தது.

இத்துடன் அவர்கள் நிறைவடையவில்லை. தடைகாப்பு மண்டலமே முழுதும் முடங்கிப் போனதால் ஒட்டு நிலைத்ததோ என்னும் ஐயம் எழுந்தது. மூன்றாவது கால்வழி ஒன்றின் தோலை ஒட்டிப் பார்த்தனர். அதனை எலிகள் வழக்கம்போல் அழித்தன. கருநிலையில் அறிமுகமான அந்த ஒன்றை மட்டுமே உடல் பொறுத்துக்கொண்டது. அடுத்து, ஒட்டிய தோலே தன் இயல்பை மாற்றிக்கொண்டதோ என்று ஐயுற்றனர். வெள்ளெலியின் தோலை எதிர்க்கப் பழகிய வேறு பழுப்பு எலிகளின் நிணநீர் முடிச்சுகளிலிருந்து செல்களை எடுத்துச் செலுத்தியதும், அதுவரை நிலைத்திருந்த ஒட்டு அழிந்தது. எனவே, மாறியது தோல் அன்று. அதனை ஏற்ற எலியின் தடைகாப்பு மண்டலமே.

1953 அக்டோபரில் நேச்சர் இதழில் இவ்வாய்வு வெளியானது. அதே காலத்தில் பிராகு நகரில் மிலான் ஹாஷெக் பறவைக்கருக்களைக் கொண்டு தனியே இதனையொத்த முடிவை எட்டியிருந்தார். தன்னது, அயலது என்னும் பிரிவு கருவிலேயே முழுமையாக எழுதி முடிக்கப்பட்டதன்று. உடல் அதனைக் கற்றுக்கொள்கிறது என்பது நிலைநாட்டப்பட்டது. உடைக்க முடியாதது எனக் கருதப்பட்ட சுவரில் முதல் வாயில் திறந்தது.

பகிர்ந்துகொண்ட பரிசு

தடைகாப்பு மண்டலம் ஈட்டும் இச்சகிப்புத்தன்மையைக் கண்டறிந்தமைக்காக 1960ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பர்னெட்டுக்கும் மெடவாருக்கும் வழங்கப்பட்டது. தம் பங்காகக் கிடைத்த பரிசுத்தொகையை மெடவார் பில்லிங்காமுடனும் பிரெண்டுடனும் பகிர்ந்துகொண்டார். மூவர் உழைப்பில் விளைந்ததை ஒருவர் பெயரால் துய்ப்பது முறையன்று என்பதே அவர் கொள்கை.

தம் கண்டுபிடிப்பின் எல்லையையும் அவர் மறைக்கவில்லை. மனிதக் கருவில் இம்முறையைக் கையாள இயலாது. பிறந்த எலிக்குட்டிகளுக்கு அயல் செல்களைச் செலுத்தியபோது, சிலவற்றில் அச்செல்களே எலியின் உடலைத் தாக்கி அதனை நலிவுறச் செய்ததையும் பில்லிங்காமும் பிரெண்டும் கண்டனர். ஆயினும், இயலாதது எனப்பட்டது இயலும் என்னும் நம்பிக்கை மருத்துவ உலகில் பரவியது. 1954இல் பாஸ்டன் நகரில் ஒரு கருமுட்டை இரட்டையருக்கிடையே சிறுநீரக மாற்று வெற்றி பெற்றிருந்தது. 1960களில் தடைகாப்பை அடக்கும் மருந்துகள் வந்தபின், இரட்டையர் அல்லாதோர்க்கும் அவ்வாய்ப்பு வளர்ந்தது. 1962இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரான மெடவார், அப்பொறுப்பின் நடுவிலும் ஆய்வு மேசையை விட்டு அகலாமல் அத்துறையில் உழைத்தார். 1965இல் சர் பட்டம் பெற்றார்.

சொல்லாமற்போன ஐயம்

1969 செப்டம்பரில், பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைவராக எக்சிட்டர் பேராலயத்தில் மறைநூற்பகுதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது மெடவார் பக்கவாதத்தால் தாக்குண்டார். அப்போது அவருக்கு அகவை 54. இடக்கை செயலிழந்தது, பார்வையின் இடப்பகுதி மங்கியது. ஊன்றுகோலின் துணையுடன் அவர் மீண்டும் ஆய்வகத்திற்கு வந்தார்.

1973இல் நியூயார்க்கின் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றுக்கு அறிவியல் ஆலோசகர்களுள் ஒருவராகச் சென்றிருந்தார். அங்கு ஓர் ஆய்வாளர், உடலுக்கு வெளியே சில காலம் வளர்த்த திசுக்களைத் தடைகாப்பு மண்டலம் எதிர்ப்பதில்லை என்று கூறி, அயற்கருவிழிப்படலம் பொருத்தப்பட்டதாக முயல்களைக் காட்டினார். முயலின் கண்கள் தெளிவாக இருந்தன. அப்படலத்தைச் சூழ்ந்த நுண்குருதிக்குழாய்களின் அமைப்பு சற்றும் கலையாமல் இருந்தது. அக்கண்ணில் அறுவை எதுவும் நிகழ்ந்திருக்க முடியாது என்று மெடவாருக்குத் தோன்றியது. ஆயினும், அவையில் அவர் வாய்திறக்கவில்லை.

மறு ஆண்டு அதே ஆய்வாளர், வெள்ளெலிகளின்மீது ஒட்டிய கருந்தோல் நிலைத்துவிட்டதாகக் காட்டப் பேனாவால் கரும்புள்ளிகளைத் தீட்டினார். ஆய்வக உதவியாளர் ஒருவர் சாராயத்தால் துடைத்தபோது கருமை கரைந்தது, பொய் வெளிப்பட்டது. எலியின் உடலில் நிலைத்த ஓர் உண்மையான வெண்திட்டுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் துறையிலேயே, மையால் தீட்டிய ஒரு பொய்த்திட்டு தோன்றியது.

அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பின்னர் மெடவார் கட்டுரை ஒன்று எழுதினார். ஏமாற்றியவரைச் சாடுவதோடு அவர் நின்றிருக்கலாம். முயல்களைக் கண்ட அன்றே ஐயுற்றும், அதனை வெளிப்படையாகச் சொல்லும் நெஞ்சுரம் தமக்கு இல்லாமற்போயிற்று என்பதையும் அவர் அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டார். எவரும் கேளாமலே, நோபல் பரிசு பெற்ற ஒருவர் தம் குற்றத்தைத் தாமே உலகறியச் சொன்னார்.

உடல் தளர்ந்தும் அவர் எழுத்து தளரவில்லை. இளம் அறிவியலாளர்க்கான அறிவுரைகளை 1979இல் நூலாக்கினார். 1986இல் தன்வரலாறு எழுதினார். மேலும் சில பக்கவாதத் தாக்குதல்களுக்குப் பின், 1987 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார்.

தொடரும் தேடல்

மெடவார் விட்டுச்சென்ற வினா ஒன்று உண்டு. அயற்றோலை எதிர்க்கும் செல்கள் அழிந்துவிடுவதால் சகிப்புத்தன்மை வருகிறதா, அவற்றை அடக்கும் வேறு செல்கள் உண்டா? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரிச்சர்டு கெர்ஷன், தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களுள் சில, எதிர்ப்பைத் தூண்டாமல் அடக்குகின்றன என்று சுண்டெலிகளில் கண்டார். ஒரு குறிப்பிட்ட ஆன்டிஜெனை மட்டும் அடையாளம் கண்டு அதற்குரிய எதிர்ப்பை அடக்கும் டி செல்களைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் பல முயன்றன. ஆன்டிஜென் பூசிய தட்டில் எலியின் மண்ணீரல் செல்களை இட்டு, ஒட்டிக்கொண்டவற்றை மட்டும் திரட்டி, வேறோர் எலிக்குச் செலுத்திப் பார்த்தனர். ஆனால், அச்செல்களின் அடையாளத்திற்கு அடிப்படை எனக் கருதப்பட்ட மரபணுவை 1980களில் தேடியபோது, எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. அத்துறையே ஐயத்திற்குள்ளாகி ஒளியிழந்தது.

அனைவரும் கைவிட்ட அவ்வினாவை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி கைவிடவில்லை. 1995இல் அடக்கும் செல்களை வேறோர் அடையாளத்தால் அவர் பிரித்துக் காட்டினார். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என இன்று அழைக்கப்படும் அவற்றைப் பற்றிய ஆய்வுக்காக, அவருக்கும் அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்றும் உறுப்புமாற்றம் பெற்றோர் பலர் தடைகாப்பை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்கின்றனர். அம்மருந்துகள் கொடையாக வந்த உறுப்பைக் காக்கின்றன, கிருமிகளுக்கும் வழிவிடுகின்றன. மெடவாரின் மூன்று எலிகளோ ஒன்றை மட்டும் பொறுத்து, ஏனையவற்றை எதிர்த்து நின்றன. அந்நிலையை மனிதர்க்குத் தரும் முயற்சி இன்னும் முடியவில்லை. பழுப்பு எலியின் உடலில் தழைத்த அந்த வெண்மயிர்த் திட்டே அதற்கு வழிகாட்டி நிற்கிறது.